பன்னிரண்டில் ஒன்பது அழைப்புகள்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் போட்ட முதல் போன் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. "வணக்கம், நான் எஸ்தர் பேசுறேன். உங்க உடம்பையும் மனசையும் பத்திப் பேசலாம்னு கூப்பிட்டேன்" என்று ஸ்கிரிப்டில் இருந்ததை அப்படியே வாசித்தேன். "லோன்லாம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் எடுக்கவே இல்லை. மூன்றாவது ஆள் எடுத்தார். நான் பேசப் பேச இருமிக்கொண்டே இருந்தார். பிறகு அழ ஆரம்பித்தார். அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்று ஸ்கிரிப்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது.

அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். முழங்கால் தேய்ந்து, நின்று வார்டு பார்க்க முடியாமல் போனபோதுதான் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்கு வந்தேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு அறைகள். நாலு மேசை, நாலு பெண்கள், நாலு ஹெட்செட். ஆடிக் கிருத்திகை வந்தால் பம்பைச் சத்தத்தில் ஒருவர் பேசுவதும் கேட்காது. அந்த நாட்களில் போன் வேலையை நிறுத்திவிட்டு கேஸ் ஷீட் எழுதுவோம்.

வேலை இதுதான். சுற்று வட்டார ஆஸ்பத்திரிகளில் மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்குகிறவர்களில், பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறவர்களாக, உடம்பு அசையாமல் உட்கார்ந்தே இருக்கிறவர்களாகப் பார்த்து எங்களுக்குப் பெயர் அனுப்புவார்கள். ஒருவருக்கு வாரம் ஒரு போன். மொத்தம் பன்னிரண்டு. புகையைக் குறைக்க வைக்க வேண்டும், பிறகு ஒரு தேதி குறித்து விட வைக்க வேண்டும். கூடவே தினமும் நடக்க வைக்க வேண்டும். நடை மனசைத் தூக்கும், புகைக்கும் ஆசையைத் தணிக்கும் என்பது கணக்கு. இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மெஷின் கொடுத்திருந்தோம். எத்தனை அடி நடந்தார் என்று அது காட்டும். ஆஸ்பத்திரியில் புகைக்குப் பதிலாக மெல்வதற்கு நிகோடின் கம் கொடுப்பார்கள்.

எங்களுக்கு மேலே பிரசாத் சார். சென்னையிலிருந்து வந்து போவார். வயதில் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், நீங்க டாக்டர் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. கோச். கிரிக்கெட் கோச் மாதிரி கிரவுண்டுக்கு வெளியில நிக்கணும். ஆடறது அவங்கதான்."

கேட்க நன்றாக இருந்தது. மனச்சோர்வில் கிடக்கிற ஒருவருக்குக் காலைத் தரையில் ஊன்றி எழுவதே பெரிய வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. பகல் முழுக்க அவர் விரும்பிச் செய்கிற ஒரே காரியம் பீடி பற்ற வைப்பதாகத்தான் இருக்கும். அதை விடு என்கிறோம். அவரால் முடியாத நடையை நட என்கிறோம். இரண்டையும் முகம் தெரியாத ஒரு குரல் சொல்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். புகையை விட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கோதண்டத்தைப் பற்றி எழுதுகிறேன். சம்மதம் வாங்கிப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2. "ஆங்"

கோதண்டத்துக்கு ஐம்பத்தாறு வயது. மணவூர் ஸ்டேஷனிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு கிராமம். ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன்பு, சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் கேஸ் ஷீட்டில் "உடல்நிலை" என்று இருந்தது. நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பிள்ளைகள் இல்லை. மனைவி சுசீலா நடவு, களை எடுப்பு, கரும்பு வெட்டு என்று கிடைத்த வேலைக்குப் போகிறவர்.

அவருக்கு நான் ஒதுக்கிய நேரம் வியாழக்கிழமை காலை பதினோரு மணி. போனை எப்போதும் சுசீலாதான் எடுப்பார். "ஆங், இருங்கம்மா, குடுக்கறேன்" என்பார். பிறகு உள்ளே போகிற கால் சத்தம். "யோவ், அந்த சிஸ்டரம்மா" என்ற குரல். அப்புறம் கோதண்டம்.

"எப்படி இருக்கீங்கய்யா?"

"ஆங்."

"தூக்கம் வருதா?"

"ஆங்."

"இந்த வாரம் பீடி கொஞ்சமாவது குறைஞ்சுதா?"

"ஆங்."

மூன்று வாரம் இப்படித்தான் ஓடியது. நான்காவது வாரம், தினம் பத்து நிமிடம் தெருமுனை வரைக்கும் நடந்து வரச் சொன்னபோதுதான் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"நடந்ததெல்லாம் போதும் சிஸ்டர். உங்க ஆயுசுக்கும் எங்க ஆயுசுக்கும் சேத்து நடந்துட்டேன்."

சோம்பலுக்குச் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். ஸ்கிரிப்டில் இதற்கு ஒரு பதில் இருந்தது. "சின்னதா ஆரம்பிக்கலாமா? அஞ்சு நிமிஷம்?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "ஆங்" என்றார்.

ஒவ்வொரு போனிலும் நாங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா? இதற்கு மட்டும் அவர் "ஆங்" சொல்ல மாட்டார். "அதெல்லாம் இல்ல" என்பார். எல்லாவற்றுக்கும் தாமதமாகப் பதில் வரும். இதற்கு நான் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். அந்த அவசரத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

3. எண்கள் ஏறின

இரண்டு வாரம் நடையின் எண்ணிக்கை வரவில்லை என்றால் அந்த ஆளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். நான்காவது போனின் முடிவில் இதை சுசீலாவிடம் சொன்னேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, விதியைச் சொன்னேன். "போன் வராதாம்மா அப்புறம்?" என்று கேட்டார். வராது என்றேன்.

அடுத்த வாரம் எண் வந்தது. நாளைக்கு இரண்டாயிரம் அடி. அதற்கடுத்த வாரம் நாலாயிரத்துச் சொச்சம். பிறகு ஆறாயிரம். சுசீலாதான் மெஷினைப் பார்த்து வாசிப்பார். பீடியும் இரண்டு கட்டிலிருந்து ஒரு கட்டாகி, பத்தாகி, எட்டாயிற்று. கோதண்டத்திடம் கேட்டால் "ஆங், அவ சொன்னதுதான்" என்பார். இப்போதெல்லாம் இரண்டு மூன்று வார்த்தை கூடுதலாகப் பேசினார். ஒரு நாள், "மழ வரும் போலருக்குது சிஸ்டர், அங்க எப்பிடி?" என்று கேட்டார். மலைக்கு மேலே கருத்திருக்கிறது என்று சொன்னேன். அன்று நாள் பூராவும் சந்தோஷமாக இருந்தேன்.

ரிவ்யூ மீட்டிங்கில் பிரசாத் சார் கோதண்டத்தின் வரைபடத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார். நடை மேலே போகும் கோடு, பீடி கீழே வரும் கோடு. எல்லோரும் கை தட்டினார்கள். "சிஸ்டர், இவர நேர்ல போய்ப் பார்த்து நாலு வார்த்தை எழுதிட்டு வாங்க. அடுத்த வருஷம் திட்டம் தொடரணும்னா இந்த மாதிரி கேஸ்தான் காட்டணும்" என்றார்.

நான் கை தட்டலை வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

4. மணவூர்

முன்கூட்டிச் சொன்னால் கூச்சப்படுவார்கள் என்று சொல்லாமலே போனேன். அரக்கோணத்தில் வண்டி மாறி, மணவூரில் இறங்கி, ஆட்டோ பிடித்தேன். பதினொன்றரை இருக்கும்.

வீட்டின் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் நடந்தேன். பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் லுங்கி கட்டிய ஒரு மனிதர். முகத்தில் பல நாள் தாடி. நாற்காலியைச் சுற்றித் தரையெல்லாம் பீடித் துண்டுகள். நாற்காலியின் நாலு கால்களும் மண்ணில் விரற்கடை ஆழத்துக்குப் புதைந்திருந்தன. அந்த இடத்தை விட்டு அது நகர்ந்து மாதக்கணக்கு ஆகியிருக்கும்.

"கோதண்டம் ஐயாவா? நான் எஸ்தர்."

அவர் எழுந்திருக்க முயன்றார். கை நாற்காலியைப் பிடித்தது, கால் வரவில்லை. பீடியைப் பின்னால் மறைத்தார். ஐம்பத்தாறு வயது மனிதர், பள்ளிக்கூடப் பையனைப் போல.

அந்த நேரத்தில் சுசீலா வயலிலிருந்து வந்தார். கால் முட்டி வரைக்கும் சேறு. புடவையை ஏற்றிச் செருகியிருந்த இடுப்பில் எங்கள் மெஷின் மாட்டியிருந்தது.

சுசீலா அதைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தப்புதாம்மா. போன் நின்னுடும்னு சொன்னீங்க இல்ல. வாரத்துல நீங்க போன் பண்ற அன்னிக்குத்தாம்மா அவரு மொகம் கழுவுறாரு. பத்து மணிக்கெல்லாம் போன் எங்க, சார்ஜ் இருக்குதான்னு கேப்பாரு. மத்த நாள்ல எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாரு. சோறு வேணுமா வேணாமான்னு தலைய ஆட்டுவாரு, அவ்ளோதான். அதுவும் போச்சுன்னா இன்னா பண்ணுவேன்?"

"பீடி எட்டுன்னு சொன்னீங்களே?"

"நீங்க சந்தோஷப்பட்டீங்கம்மா. ஒவ்வொரு வாட்டி கொறச்சுச் சொல்லும்போதும், 'ரொம்ப நல்லது'ன்னு சொன்னீங்க. நிகோடின் கம்முகூட பக்கத்து வீட்டம்மா வெத்தலைக்கு பதிலா மென்னுகினு இருந்துச்சு. அதுக்கு தல சுத்துதுன்னு நிறுத்திட்டேன்."

சிரிக்க வேண்டிய பேச்சு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "டீ போடறேன், பால் வாங்கியாறேன்" என்று சுசீலா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

5. பால் வாங்கப் போன நேரம்

கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டின் மேல் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். ஹெட்செட் இல்லை, ஸ்கிரிப்ட் இல்லை. வார்டில் நோயாளியிடம் கேட்பதுபோல, "உங்களுக்கு என்னய்யா ஆச்சு?" என்று கேட்டேன். எட்டு வாரம் பேசியும் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை.

அவர் தெருப் பக்கம் பார்த்தார். சுசீலா போய்விட்டாரா என்று பார்த்தார் போல. பிறகு பேசினார். போனில் கேட்ட அதே குரல், ஆனால் நிற்காமல் வந்தது.

"அவ தம்பி சின்னா. நான்தான் கேங்ல சேத்துவிட்டேன். அக்கா புருசன்னு பாவா பாவான்னு பின்னாலயே வருவான். லைன்ல தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி குத்தும்போது ஒருத்தன் தனியா நிக்கணும் சிஸ்டர். ரெண்டு பக்கமும் பாத்துகினே இருக்கணும். வண்டி வந்தா விசில் ஊதணும், கொடி காட்டணும். அன்னிக்கு நான்தான் நிக்கறேன். அந்தப் பக்க லைன்ல கூட்ஸ் போய்கினு இருந்துச்சு. நீளமான கூட்ஸ். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, அதனாலதான் ஆளே நிக்கறது. காத்தா இருந்துச்சு. பீடி பத்தல. இப்பிடி திரும்பி, கைய மறைச்சு, ரெண்டாவது குச்சி கிழிச்சேன்."

கையைக் குவித்துக் காட்டினார். கை அப்படியே நின்றது.

"விசில் இருக்க வேண்டிய வாயில பீடி இருந்துச்சு சிஸ்டர். அதுக்குள்ள நம்ம லைன்ல வண்டி வந்துடுச்சு. நாலு பேரு தாவிட்டானுங்க. சின்னா குனிஞ்சிகினு இருந்தான்."

குவித்த கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"என்கொயரில விசில் ஊதினேன்னு சொன்னேன். கூட இருந்தவனுங்களும் ஆமான்னு சொன்னானுங்க. என்னக் காப்பாத்தறாங்களாம். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா எனக்கு சோறு போடுவாளா? தம்பிய தூக்கி வளத்தவ."

"அதனாலதான் நடக்கறதில்லையா?"

"நடந்தா கால் தானா தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டை எண்ணுது சிஸ்டர். தெருவுல போனாலும் எண்ணுது. எண்ணிகினே போனா அந்த எடம் வந்துடுது."

"பீடி?"

"இத இப்ப விட முடியும்னா, அன்னிக்கே ஒரு பத்து நிமிசம் விட்டிருக்க முடியும் இல்ல?"

இருபத்திரண்டு வருட நர்ஸ், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கட்டாயக் கேள்வியைக் கேட்டேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?

"தோணாத நாளு எது சிஸ்டர்? அவ தனியா ஆயிடுவாளேன்னு இருக்கறேன்."

"சின்னா விஷயத்த சுசீலாகிட்ட நீங்களே சொல்லணும்யா. நான் கூட இருக்கேன்."

"வேணாம்" என்று என் கையை இறுக்கினார். "சொல்லிடாதீங்க. சாமி மேல சத்தியம் பண்ணுங்க. உங்க சாமி மேலதான்."

செய்து கொடுத்தேன். தெருவில் சுசீலா வருவது தெரிந்தது. டீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம். அவர் மறுபடியும் "ஆங்" மனிதராகிவிட்டார். வாசல் வரைக்கும் வந்த சுசீலா, "ஏதாவது பேசினாராம்மா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். என் முகத்தையே பார்த்தார். நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

6. ஃபைல் மூடியது

மறுநாளே அவருக்கு மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் போனில் பேசினேன். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, உடனே பார்க்க வேண்டும் என்றேன். அவர் கூப்பிட்டுப் பார்த்தார், மருந்தை மாற்றினார், பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்து, கயிறு இதையெல்லாம் எடுத்து வைக்கும்படி சுசீலாவிடம் சொன்னேன். இது வரைக்கும் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

பிரசாத் சாரிடம் மெஷின் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த எண்கள் பொய். பீடிக் கணக்கும் பொய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், இது மீட்டிங்ல காட்டின கேஸ். இப்ப எடுத்துத்தான் ஆகணும்."

"எடுங்க சார். எண்ண எடுங்க. ஆள வெச்சுக்குங்க. இன்னும் நாலு போன் பாக்கி இருக்குது."

"டேட்டா தப்புன்னா ஆளும் வெளியதான். நான் போட்ட ரூல் இல்ல சிஸ்டர். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். டாக்டர் பாக்கறாரு இல்ல? அவரு பாத்துப்பாரு."

கடைசியாக ஒரு போனுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார், முடிக்கிறோம் என்று சொல்வதற்காக. அது ஒன்பதாவது. வழக்கம்போல வியாழக்கிழமை பதினோரு மணி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன். திட்டம் உங்களுக்கு இத்துடன் முடிகிறது, தொடர்ந்து மருத்துவரைப் பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அடுத்த வியாழக்கிழம?" என்றார்.

"இல்லைய்யா."

"ஆங்" என்றார்.

சொந்த போனிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். கேஸ்காரர்களுக்குச் சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. வேலை போனால் இந்த முழங்காலோடு வேறு எங்கே போவது என்ற பயமும் இருந்தது. விதி நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வாரம் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது வாரம் தாங்க முடியாமல் மதிய இடைவேளையில் கீழே இறங்கி, மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்தில் நின்று என் போனிலிருந்து அடித்தேன். சுசீலா எடுத்தார். என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு சொன்னார்:

"இப்ப பண்றீங்களேம்மா. போன மாசம் ஒரு வியாழக்கிழம அவரே எழுந்து மொகம் கழுவிகினு வந்து, உங்க நம்பருக்கு போடுன்னாரு. போட்டுக் குடுத்தேன். ஒரு பொம்பள, இந்த நம்பருக்கு போன் பண்ண முடியாதுன்னு சொல்லுது. தப்பா போட்டுட்டேன்னு என்ன திட்டிட்டு அவரே போட்டாரு. அதையே சொல்லுது. அடுத்த வாரமும் போட்டாரு. அதுக்கடுத்த வாரமும். அதுக்கப்புறம் போனத் தொடறதில்ல."

எங்கள் அலுவலக எண்கள் வெளியே போவதற்கு மட்டும். யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. அது எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அவர்கிட்ட குடுங்க சுசீலா."

கால் சத்தம் கேட்டது. "யோவ், சிஸ்டரம்மா" என்ற குரல் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. போன் அவர் காதில் இருந்ததா, மடியில் இருந்ததா தெரியாது. நான் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் இந்த எண்ணில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றேன். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் இருந்தது. அதன் பிறகு எட்டு வியாழக்கிழமை கூப்பிட்டேன். எட்டு தடவையும் அப்படித்தான். அவர் குரலை நான் மறுபடி கேட்கவில்லை.

ஒன்பதாவது தடவை நான் கூப்பிடுவதற்கு முன்பே சுசீலா கூப்பிட்டார். கோதண்டம் முந்தின நாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்று கையால் காட்டியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றித் திருவள்ளூர் போகும் வழியிலேயே போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தனை வருடப் புகைக்கு அது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் தொடர்ந்து பேசியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். மனசில் அவ்வளவு தனியாகப் போயிருக்க மாட்டார் என்று மட்டும் சொல்வேன்.

7. சுசீலா

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். பின்பக்கம் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். வீடு பெருக்கித் துடைக்கப்பட்டிருந்தது. சுசீலா எனக்குப் பாய் போட்டுவிட்டு, என்னால் கால் மடக்க முடியாது என்று நினைவு வந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தார். அவர் கீழே உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் பால் வாங்கப் போனேனே, அப்ப உங்ககிட்ட எங்க சின்னாவப் பத்தி சொன்னாரா?"

சத்தியம் செய்திருந்தேன். சத்தியம் வாங்கியவர் போய்விட்டார். சுசீலாவின் முகத்தைப் பார்த்தேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"சொல்லிட்டாரு" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "யாருகிட்டயாவது சொன்னாரே. அது போதும்."

"உங்களுக்கு..."

"சின்னா செத்த பதினாறாம் நாளே தெரியும்மா. அவரு கூட வேல செஞ்ச ஒருத்தரு குடிச்சிட்டு வந்து, என் காலப் புடிச்சிகினு அழுதாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அன்னிக்கு முழுக்க இந்த ஆளு மூஞ்சியப் பாக்கல நான். அடுத்த நாள் பாத்தேன். எங்க தம்பிய விட இவரு செத்துப் போன மாதிரி இருந்தாரு. இவரயும் விட்டுட்டா எனக்கு யாரும்மா? கோவமெல்லாம் ஒரு மழ காலத்துல போயிடுச்சு. அவரா வாய் தொறந்து சொல்லட்டும், 'தெரியும்யா, சாப்பிடு'ன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். ஆறு வருசமா தட்டு வெக்கும்போதெல்லாம் இன்னிக்கு சொல்லுவாரு, இன்னிக்கு சொல்லுவாருன்னு பாத்துகினே இருந்தேன்."

"நீங்களே கேட்டிருக்கலாமே சுசீலா."

"கேட்டு, அந்த அவமானத்துல ஏதாவது பண்ணிகினாருன்னா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரே கூரைக்குள் இரண்டு பேர். சுசீலாவுக்குத் தெரியக் கூடாது என்று கோதண்டம் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார். தெரிந்ததைக் காட்டக் கூடாது என்று சுசீலா ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னிடம் பேசினார்கள். வாரா வாரம் ஒரே போனில், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி. நான் பீடி எத்தனை, அடி எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை எடுத்து எடுத்துக் கொடுத்த பெண்ணிடம் ஒரு வாரமாவது, "நீங்க எப்படி இருக்கீங்க சுசீலா?" என்று கேட்டிருந்தால், அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. அன்று டீ குடிக்கும்போது மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த வேலையில் இருந்தேன். ஓய்வு பெறும்போது புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பும் எனக்கு இருந்தது. எண்களைச் சரியாக எழுதச் சொல்லிக்கொடுத்தேன், அதுவும் முக்கியம்தான். இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். போனை முதலில் எடுக்கிறவரிடம் பேசுங்கள். அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேளுங்கள். எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.

ஸ்கிரிப்டில் இந்தக் கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். நான் வெளியே வருகிற வரைக்கும் சேர்க்கவில்லை. நீங்களாகக் கேளுங்கள்.